ஆனையூர் முந்நூறு சென்ட்

ஒரு பள்ளிக்கூடத்தின் விலை சென்ட்டுக்கு ஆறாயிரம் ரூபாய். இன்னும் கட்டாத பள்ளிக்கூடம் என்பதால் செங்கல் சிமெண்டு அதில் சேராது. மணி அடிக்கத் தொங்கவிடும் தண்டவாளத் துண்டும் சேராது. எந்தப் பிள்ளை எந்த பெஞ்சில் உட்கார்ந்து பின்னால் என்னவாக ஆகியிருக்கும் என்பதும் சேராது. அதற்குப் பத்திர ஆபீசில் வழிகாட்டி மதிப்பு கிடையாது. ஆனையூரில் முந்நூறு சென்ட், ஆறாயிரம் வீதம் பதினெட்டு லட்சம். 1998 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்தானது. விற்றுக் கொடுத்தவர் ராமதாஸ். தரகு இரண்டு சதவீதம், முப்பத்தாறாயிரம், அன்றைக்கே கைக்கு வந்தது.

ராமதாஸுக்கு மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சுங்குடிச் சேலை மொத்தக் கடை. நிலத் தரகு பக்கத் தொழில். இதற்கு மேல் மகால் பக்கத்து நூல் வியாபாரிகள் நடத்தும் கல்வி அறக்கட்டளைக்கு அவர்தான் பொருளாளர். அறக்கட்டளையின் சொத்து இரண்டே இரண்டு. ஒன்று, வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து படிக்கும் ஆரம்பப் பள்ளி. இன்னொன்று, பெரிய பள்ளி கட்டுவதற்கென்று இருபது வருடமாகக் காத்துக் கிடந்த ஆனையூர் நிலம்.

ஆரம்பப் பள்ளிக்குத் தலைமையாசிரியை அவருடைய தங்கை சுந்தரவல்லி. அந்தக் குடும்பத்தில் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் சுந்தரவல்லிக்குக் கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவாள். வீட்டு மொழியில் கோபப்பட்டால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது என்பாள். நிலத்தை விற்பது பற்றிப் பேசிய அறக்கட்டளைக் கூட்டத்தில் அன்று முழுக்கத் தமிழ்தான்.

“இடத்தை விக்கக் கூடாதுண்ணே. சென்ட்ரல் சிலபஸுக்கு மனுப் போட்டிருக்கேன். அவங்க கேக்கற மொதக் கேள்வியே இடம் யாரு பேருல இருக்குன்னுதான்.”

“பேருல இருந்து என்ன பண்றது? மூணு ஏக்கர் முள்ளுக்காடு. கட்டடம் கட்டக் காசு இருக்கா? இந்தப் பதினெட்டு லட்சத்தைப் பதினோரு மாசம் பேரையூர்ப் பக்கம் போட்டு எடுத்தா அம்பத்தேழு லட்சம். அப்புறம் ஆனையூர் என்ன, அழகர்கோயில் ரோட்டுலேயே வாங்கிக் கட்டுவோம்.”

“பள்ளிக்கூடத்தை வித்துப் பள்ளிக்கூடம் கட்டப் போறீங்க.”

“பழைய சேலையை வித்துப் புதுச் சேலை எடுக்கறதில்லையா?”

“அதுவரைக்கும் எதைக் கட்டிக்கிட்டு நிப்பீங்க?” என்றாள் சுந்தரவல்லி.

உறுப்பினர்கள் ஏழு பேர். ஆறு பேர் வியாபாரிகள். ஐம்பத்தேழு என்ற எண்ணைக் கேட்டதுமே ஆறு பேருடைய கண்ணும் ஒரே மாதிரி சுருங்கிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

ராமதாஸ் திருடர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் போட்ட கணக்கில் ஒரு கூட்டல் பிழைகூடக் கிடையாது. பூனாவிலிருந்து ஒரு கம்பெனி, கார்களுக்கு பிரேக் உதிரிகள் செய்கிற பெரிய கம்பெனி, தெற்கே தொழிற்சாலை போட இடம் தேடிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரம் தொழிலாளிகள், அறுபது ஆபீசர்கள். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் அவருடைய அக்கா மகன் பாலகணேஷ். விற்பனை வரிக் கணக்கு எழுதுகிறவன். நாட்டில் எந்த மாநிலம் எந்தக் கம்பெனிக்கு எத்தனை வருடம் வரி தள்ளுகிறது என்பது அவனுக்கு விரல் நுனியில்.

“பின்தங்கிய தாலுகாவுல போட்டா ஒம்பது வருஷம் விற்பனை வரி கட்ட வேண்டாம் மாமா. பேரையூர் அந்த லிஸ்ட்ல வருது. கரண்டுலயும் கழிவு.”

“பக்கத்து மாநிலத்துக்காரன்?”

“அவனும் எட்டு, ஒம்பதுன்னுதான் நிக்கிறான். எல்லாக் கடையிலயும் ஒரே தள்ளுபடி போட்டுட்டாங்க.”

“அப்ப எடம் மலிவா இருக்கறவன் ஜெயிப்பான்,” என்றார் ராமதாஸ். அவர் அறிந்தவரை, ஒரே தள்ளுபடி போட்ட இரண்டு கடைகளில் சனம் எதில் ஏறும் என்றால், கேட்டதற்கு மேல் நாலு ரூபாய் குறைப்பவன் கடையில்தான். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மாசி மாதத்தில் பேரையூருக்குத் தெற்கே நூற்றெண்பது ஏக்கர் வளைத்தார். ஐம்பத்தெட்டு பேருக்குச் சொந்தமான கரிசல். அந்த ஐம்பத்தெட்டு பேரும் ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள் என்று முதல் நாளே கண்டுகொண்டார். அவர் மொக்கைச்சாமி. அப்பா காலம்வரை அடுத்தவன் காட்டில் கூலி. இவர் ஆடு வளர்த்து, விற்று, ஒவ்வொரு ஏக்கராக மூன்று ஏக்கர் சேர்த்தவர். ஆட்டுச் சந்தையில் பழகிய கை என்பதால் விலையை வாயால் பேச மாட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கையையும் மூடினார். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பதுதான் பேரம். ஒரு விரலுக்கு ஓராயிரம். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும்.

மொக்கைச்சாமி இருபத்தைந்தில் தொடங்கினார். ராமதாஸ் பன்னிரண்டில்.

“அண்ணே, என் விரலை ஒடிச்சுப்புடாதீங்க,” என்றார் ராமதாஸ்.

“மொதலாளி விரலு பஞ்சு மாதிரில்ல இருக்கு. நான் எங்க ஒடிக்க? நீங்கதேன் வழுக்கிக்கிட்டு ஓடுறீக.”

பதினெட்டில் நின்றது. ஏக்கருக்குப் பத்தாயிரம் முன்பணம். கம்பெனி வாங்கியதும் பாக்கி எட்டாயிரம். பதினோரு மாதத்துக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் கொடுத்தவனுக்கு இல்லை. ஆனையூரின் பதினெட்டு லட்சமும் அந்த மாதத்திலேயே பேரையூர்க் கரிசலில் இறங்கிவிட்டது. போகும்போது ராமதாஸ் இன்னொன்றும் சொன்னார்: அளக்க வருவார்கள், வெள்ளாமை நின்றால் தோதுப்படாது, இந்த வருடம் யாரும் விதைக்க வேண்டாம்.

ஆடி மாதம் பூனாவிலிருந்து பட்வர்தன் என்கிற பெரிய மேலாளர் வந்தார். கூடவே மனைவி. நிலம் பார்க்க மனைவி எதற்கு என்று ராமதாஸுக்குப் புரியவில்லை. சேலைக்கடைக்குப் புருஷன் வந்தால் கூடவே வரும் மனைவி துணியைப் பிரித்துக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே வருவாள், அதுபோல என்று எடுத்துக்கொண்டார்.

வாடகை சுமோவில் முன்சீட்டில் ராமதாஸ், நடுவில் அவர்கள், பின்னால் மொழிபெயர்க்க பாலகணேஷ். நிலத்தைப் பார்த்தார் பட்வர்தன். தண்ணீர், ரோடு, மின்சாரம், வரி உத்தரவு நகல், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். ராமதாஸுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய கடையில் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுகிறவன் வாங்காமல் இறங்கிப் போகிறவன். குறை சொல்ல ஆரம்பித்தால்தான் பை திறக்கப் போகிறான் என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் அந்த அம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஊர்ப் பள்ளிக்கூடம். ஒரு அறையில் ஓட்டுக் கூரை இறங்கியிருந்ததால் மூன்று வகுப்புகள் வேப்ப மரத்தடியில் நடந்தன. இருக்கிற இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தார். கூட வந்த மொக்கைச்சாமியிடம் அந்த அம்மாள், பாலகணேஷ் மூலமாக, உயர்நிலைப் பள்ளி எங்கே என்று கேட்டார்.

“ஆறு மைலு போகணும் தாயி. கணக்கு வாத்தியாரு மட்டும் மூணு வருசமா இல்ல. மத்தபடி நல்ல பள்ளிக்கூடம்.”

ராமதாஸ் அவர் முழங்கையைக் கிள்ளினார். சரக்கு விற்கிறவனே கிழிசலைத் தூக்கிக் காட்டுவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

வண்டி கிளம்பியதும் புருஷனும் மனைவியும் மராத்தியில் பேச ஆரம்பித்தார்கள். சௌராஷ்டிரம் பேசுகிற காதுக்கு மராத்தி பாதி புரியும். அது அவர்களுக்குத் தெரியாது. ஒன்பதாவது வகுப்பு, ஹாஸ்டல் வேண்டாம், இந்தி, இங்கே எதுவுமே இல்லை, சின்னவன் அழுவான் என்று அந்த அம்மாளின் பேச்சு ராமதாஸின் பிடரியில் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் குரல் உடைந்தது.

ராமதாஸ் உள்ளூர மெச்சிக்கொண்டார்.

காரணம் இருக்கிறது. அவர் கடையில் முப்பது வருடமாக நடக்கிற நாடகம் அது. வாடிக்கைக்காரர் எதிரிலேயே அவரும் கணக்குப்பிள்ளையும் சௌராஷ்டிரத்தில் சண்டை போடுவார்கள். இந்த விலைக்குக் கொடுக்காதே, அசலே இம்புட்டு ஆகுது என்பார் கணக்குப்பிள்ளை. நடுவில் தமிழில் ஒரு தொகை, தவறி விழுந்ததுபோல. ரகசியத்தை ஒட்டுக்கேட்டுவிட்டோம் என்ற பூரிப்பில் வாடிக்கைக்காரர் அந்தத் தொகைக்கு வாங்கிப் போவார். இப்போது நடுச்சீட்டில் நடப்பதும் அதேதான். நம் காதில் விழட்டும் என்றே பேசுகிறார்கள். விலையை இறக்கப் பள்ளிக்கூடத்தைப் பிடித்திருக்கிறார்கள். என்ன நடிப்பு, இந்த அம்மாளைக் கடையில் உட்கார வைத்தால் தீபாவளி வியாபாரம் இரட்டிப்பாகும்.

மதுரைக்கு வந்து, ஓட்டலில் சாப்பாடு முடிந்து, தயிர் வந்தபோது பட்வர்தன் கேட்டார். பாலகணேஷ் சொன்னான்: “மாமா, அவங்க ஆபீசருங்க பிள்ளைங்களுக்கு என்ன பள்ளிக்கூடம் இருக்குன்னு கேக்கறாரு.”

“முப்பத்தாறுன்னு சொல்லு,” என்றார் ராமதாஸ். ஏக்கருக்கு நாற்பதாயிரம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

“மாமா, அவரு விலை கேக்கலை.”

“நீ சொல்லு மாப்ள.”

அவன் சொன்னான். பட்வர்தன் கரண்டியைக் கீழே வைத்தார். நிலத்தின் விலை எங்களுக்குப் பெரிய செலவே இல்லை என்றார். வரியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஒன்பது வருடம் கம்பெனிக்கு வரி இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு பன்னிரண்டு வருடம். ஆபீசர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். எங்கே போனாலும் ஒரே பாடத்திட்டம் வேண்டும். இங்கே இருக்கிற ஒன்றிரண்டிலும் இடமில்லை என்று நேற்றே விசாரித்துவிட்டோம். அறுபது வீட்டில் அறுபது மனைவிகள் வரமாட்டேன் என்றால் நான் யாரை வைத்துத் தொழிற்சாலை நடத்துவேன்?

“முப்பத்திரண்டு,” என்றார் ராமதாஸ். “இதுக்கு மேல என்னை அறுத்தாலும் ரத்தம் வராதுன்னு சொல்லு.”

பாலகணேஷ் குரலைத் தாழ்த்தினான். “மாமா, அவரு நெசமாவே பள்ளிக்கூடம் கேக்கறாரு.”

“கேப்பாரு மாப்ள. நான் பாக்காத ஆளா? நம்ம கிட்டயே நம்ம வித்தையா?”

அப்போது அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். மாவட்டத்தைப் பற்றி அரசு ஆபீசில் கொடுத்த தட்டச்சுத் தாள்கள். கல்வி வசதி என்ற தலைப்பின் கீழே ஒரு வரியில் விரலை வைத்தார். ‘மத்தியப் பாடத்திட்டப் பள்ளி, ஆனையூர், மூன்று ஏக்கர், உத்தேசம்.’ சுந்தரவல்லியின் மனு எங்கெங்கோ சுற்றி அந்தத் தாளில் வந்து உட்கார்ந்திருந்தது. இது எந்த நிலையில் இருக்கிறது, கட்டப் போவது நிச்சயமென்றால் ஒரு வருடம் நாங்கள் பொறுத்துக்கொள்வோம், கம்பெனியே கட்டடத்துக்குப் பணம் போடும் என்றார்.

பாலகணேஷ் மொழிபெயர்க்காமல் மாமாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

உண்மையைச் சொல்ல ராமதாஸுக்கு வாய் வரவில்லை. சரக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத வாய். “வேலை நடந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லு.”

“மாமா…”

“சொல்லுடா.”

அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டார் அந்த அம்மாள்.

இங்கேதான் ராமதாஸ் தன் வாழ்நாள் அனுபவத்தை எல்லாம் திரட்டி ஒரு முடிவெடுத்தார். சாயம் போகுமா என்று கேட்கிறவரிடம், தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன், இப்போதே நனைத்துப் பாருங்கள் என்று தைரியமாகச் சொன்னால் போதும். வேண்டாம், நம்புகிறேன் என்று விடுவார்கள். யாரும் நனைத்துப் பார்த்ததில்லை. விமானத்துக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. விமான நிலையம் தெற்கே. ஆனையூர் வடக்கே.

“தாராளமா பாக்கலாம். இப்பவே கிளம்பலாம்னு சொல்லு,” என்று புன்னகை செய்தார்.

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆனையூருக்குக் கிளம்பினார்கள். கோரிப்பாளையம் சந்திப்பில் வண்டி வழக்கம்போல நின்றது. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும், விமானத்துக்கு நேரமாகிவிடட்டும் என்று ராமதாஸ் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினார். போலீஸ்காரர் கை காட்டிவிட்டார். ஆனையூரில் முள்ளுக்காடு இல்லை. வெட்டிச் சுத்தமாக்கி, செம்மண் பாதை போட்டு, மஞ்சள் அடித்த கல் வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். நுழைவாயிலில் கலர் கொடி, பலகை. பலகையில் இருந்தது தமிழ்தான். ஆனாலும் கூறு போட்ட நிலத்தைப் படிக்க மொழி வேண்டியதில்லை.

அந்த அம்மாள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. மராத்தியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வீட்டு மொழியிலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான். போகலாம்.

அதற்குப் பிறகும் ராமதாஸ் நம்பிக்கையை விடவில்லை. மதிப்புக் கெட்டது உண்மை. மதிப்புக் கெட்ட சரக்கை விலையைக் குறைத்துத் தள்ளலாம். கம்பெனிக்கு இருபத்தெட்டு என்று கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, பேரையூரில் இரண்டு ரூபாய் பிடிக்க வேண்டும் என்று பஸ் ஏறினார். அவர் கணக்கில் இரண்டு ரூபாய் என்றால் இரண்டாயிரம்.

காட்டு ஓரம் கருவேல நிழலில் மொக்கைச்சாமி துண்டை எடுத்தார். பதினாறு என்று ராமதாஸ் விரலைப் பிடித்ததும் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என்னண்ணே, கோவமா?”

“கோவம் என்ன கோவம். இது துண்டுக்குள்ள பேசுற பேச்சில்ல, அதேன். அந்தத் தாயி பள்ளிக்கூடத்தப் பாத்த பார்வைய நானும் பாத்தேன். அவுக நெலத்தப் பாக்க வரல. எம் மூணு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர் ரோட்டோரம். அத வெலையில்லாம தாரேன். பள்ளிக்கூடம் கட்டிக் குடுங்க. ஒங்க தங்கச்சி பள்ளிக்கூடம் நடத்துறாகன்னு சொன்னீகல்ல.”

“சும்மாவா?”

“சும்மா எவன் தருவான்? எம்மக தமிழ்வாணி டீச்சர் டிரைனிங் முடிச்சிட்டு ரெண்டு வருசமா வேலவாய்ப்பு ஆபீசுக்கு நடக்குறா. அவளுக்கு அங்கன ஒரு வேல. அம்புட்டுத்தேன் வெல.”

ராமதாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு ஏக்கரைச் சும்மா தருகிறவன் மூன்றாவது ஏக்கருக்கு ஒரு லட்சம் கேட்பான். இல்லை, மற்ற ஐம்பத்தேழு பேருக்கும் கூட்டிக் கேட்பான். இலவசம் என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கும் என்று அவருக்கா தெரியாது? ஆடித் தள்ளுபடியில் ஜாக்கெட் துணி இலவசம் என்று போர்டு எழுதியவரே அவர்தான்.

“யோசிப்போம்ணே,” என்றார். அவருடைய அகராதியில் அதற்கு வேண்டாம் என்று பொருள்.

“யோசிங்க. ஆனா மழைக்கு முன்ன யோசிங்க. வெதைக்காமக் கெடக்கு காடு.”

புரட்டாசியில் நல்ல மழை. பல வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு மழை. நூற்றெண்பது ஏக்கரில் கோரையும் அருகும் செழித்து வளர்ந்தன.

கடிதம் கார்த்திகையில் வந்தது. ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கடையில் வைத்து பாலகணேஷ் படித்துச் சொன்னான். தொழிற்சாலை பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போகிறது.

“அங்க வரி எத்தனை வருஷம் தள்ளுறான்?”

“எட்டு.”

“நம்மள விட ஒண்ணு கம்மி.”

“ஆமா.”

“எடம்?”

“ஏக்கர் தொண்ணூறாயிரம் மாமா.”

ராமதாஸ் தலையில் கை வைக்கவில்லை. கல்லாவை ஒருமுறை திறந்து மூடினார். “அப்புறம் எதுக்குடா அங்க போறான்?”

பாலகணேஷ் கடைசிப் பத்தியைப் படித்தான். ஊழியர் குழந்தைகளுக்கு எட்டு கிலோமீட்டருக்குள் மத்தியப் பாடத்திட்டப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு வரை. அதற்குக் கீழே, பேனாவால், வேறு கையெழுத்தில் ஒரு வரி: நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், நீங்கள் மூன்று முறை வேறு எதையோ பதிலாகச் சொன்னீர்கள்.

“நெசமாவே கேட்டிருக்காங்க,” என்றார் ராமதாஸ். நாற்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு மோசடியை அவர் சந்தித்ததில்லை. மனதில் இருப்பதையே வாயில் சொன்னால் மனிதன் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

சாயங்காலம் சுந்தரவல்லி வந்தாள். அவள் கையிலும் ஒரு கடிதம். இடத்துக்கான பத்திரம் இணைக்கப்படாததால் மனு திருப்பி அனுப்பப்படுகிறது. அவள் அன்று தமிழுக்கு மாறவில்லை. வீட்டு மொழியிலேயே, அழாமல், இந்த வருடம் ஐந்தாவது முடிக்கிற நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னாள். ஹம்சவேணி பேத்தி, காசிக்கடைக்காரர் மகன், இப்படி ஒவ்வொன்றாக. யார் யார் எந்தப் பள்ளி வாசலில் மனுவோடு நிற்கப் போகிறார்கள் என்றும் சொன்னாள். அண்ணனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ராமதாஸ் பேசிச் சமாளித்திருப்பார்.

மறுவாரம் பேரையூருக்குப் போனார். அந்த இரண்டு ஏக்கர் இப்போதும் உண்டா என்று கேட்கப் போனார். அதை வைத்து மனுவை மறுபடி போடலாம். நாற்பது கல் தொலைவில் யார் வந்து படிப்பார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மொக்கைச்சாமி ஆடுகளுக்குக் கோரை அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“வாங்க மொதலாளி. ஒங்க புண்ணியத்துல ஆட்டுக்குத் தீவனப் பஞ்சமில்ல.”

ராமதாஸே தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். அதற்குள் கையை விட மொக்கைச்சாமி வரவில்லை.

“அந்த ரெண்டு ஏக்கர்ணே. நீங்க சொன்ன விலைக்கே.”

“அந்த வெலய இப்ப யாரு குடுப்பா? தமிழ்வாணி திருப்பூருக்குப் போயிட்டா, பனியன் கம்பெனிக்கு. பீஸுக்கு இம்புட்டுன்னு குடுக்காகளாம். போயி ஒண்ணரை மாசம் ஆச்சு.” அரிவாளை மண்ணில் குத்தி வைத்தார். “வெதச்சிருந்தா மக்காச்சோளம் இந்நேரம் வீட்டுல கெடக்கும். அவளும் கெடந்திருப்பா, இன்னும் ஒரு வருசம் பொறுத்துப் பாக்கலாம்னு. வெதைக்க வேணாமுன்னு சொன்னது நீங்க. கேட்டது நானு.”

“முன்பணம் இருக்கேண்ணே. முப்பதாயிரம்.”

“இருந்துச்சு.”

ஆடுகள் மேய்ந்தன. முன்பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்க வந்த வாயை ராமதாஸ் மூடிக்கொண்டார். ஊருக்குள் போய் மற்றவர்களிடம் கேட்டார். மலையாண்டி ஐயாயிரம் தந்தார். சோணைமுத்து ஐயாயிரம். பாண்டியம்மாள் என்கிற வயதான அம்மாள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே, நிலம் போகவில்லை என்றால் காசு யாருக்கு வேண்டும் என்று சேலை முடிச்சை அவிழ்த்து நாலாயிரம் எண்ணி வைத்தார். மற்றவர்கள் தரவில்லை. தர வேண்டியதும் இல்லை. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, எழுதியவரும் ராமதாஸ்தான்.

தை பிறந்தது. பதினோரு மாதம் முடிந்தது. ராமதாஸ் அறக்கட்டளையின் பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். பழக்கத்தில் பக்கத்தின் தலையில் ‘லாபம்’ என்று எழுதிவிட்டார். எந்தக் கணக்கையும் அப்படித்தான் தொடங்குவார்கள். அடிக்கலாமா என்று பேனாவைத் தூக்கி, பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

இதுவரை பற்றுப் பக்கத்தில் ‘பேரையூர் நிலம்’ என்ற பெயர் இருந்தது. இப்போது அந்தப் பெயரில் நிலம் இல்லை. வியாபாரக் கணக்கில் ஒரு தொகை பெயரில்லாமல் நிற்க முடியாது. யாராவது ஒருவர் தலையில் அது உட்கார்ந்தாக வேண்டும். வரி தள்ளிய அரசாங்கத்தின் பெயரைப் போடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பட்வர்தன் மனைவி பெயரை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. தீர்மானத்துக்குக் கை தூக்கிய மற்ற ஐந்து பேரும் அந்த வாரம் கடைப் பக்கமே வரவில்லை. எழுதினார்.

ஆனையூர் 300 சென்ட், 6,000 வீதம், வரவு ரூ. 18,00,000.

பேரையூர் 180 ஏக்கர், 58 பேர், முன்பணம், பற்று ரூ. 18,00,000.

மலையாண்டி 5,000, சோணைமுத்து 5,000, பாண்டியம்மாள் 4,000, வரவு ரூ. 14,000.

ஆனையூர் தரகு, வாங்கியவர் திருப்பியது, வரவு ரூ. 36,000.

பாக்கி ரூ. 17,50,000. பற்று: ராமதாஸ். மாதம் ஐயாயிரம் வீதம், வட்டி போடாமல், முந்நூற்றைம்பது மாதம். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஆனையூரில் சென்ட் இன்றைக்கு ஒன்பதாயிரம்.